முதலில் தரை, அப்புறம் சறுக்குமரம்: நகர மையத்தில் ஒரு விளையாட்டிடம் கட்டிய அனுபவம்

குழந்தைகளுக்கு விளையாட்டிடம் அமைக்கப் போகிறோம் என்று பேச்செடுத்ததுமே மேசைக்கு வந்துவிடுவது உபகரண நிறுவனங்களின் படப்புத்தகம்தான். கோட்டை போல ஒன்று, கப்பல் போல ஒன்று, நடுவில் மஞ்சளும் சிவப்புமாகச் சறுக்குமரம். மனையின் நீள அகலத்தைச் சொன்னால் எது பொருந்தும் என்று விற்பனையாளரே சொல்லிவிடுவார். லேண்ட்ஸ்கேப் வடிவமைப்பு, அதாவது பூங்கா போன்ற திறந்தவெளிகளைத் திட்டமிடுவது, என் தொழில். ஒருபுறம் கடைகள், மறுபுறம் அலுவலகங்கள், சுற்றிலும் ஓயாத போக்குவரத்து என்று நகர மையத்தில் கிடைத்த ஒரு துண்டு இடத்தில், படப்புத்தகத்தை ஒதுக்கிவைத்து, அந்த இடத்துக்கென்றே ஒரு விளையாட்டிடத்தை வரைந்து கட்டினோம். பணமும் யோசனையும் முதலில் தரைக்குப் போகவேண்டும் என்பதுதான் அந்த வேலையில் எனக்கு ஆழமாக உறுதிப்பட்டது. மேடு, பள்ளம், ஓரத் திண்டு, நிழல் எல்லாம் சரியாக விழுந்துவிட்டால் கொஞ்சம் உபகரணமே போதும். தட்டைத் தரையில் எவ்வளவு விலையுயர்ந்த உபகரணத்தை நட்டாலும், பிள்ளைகள் அதில் வரிசையில் நிற்பார்கள், ஏறுவார்கள், இறங்குவார்கள், சீக்கிரமே சலித்துவிடும்.

எனக்கு முன்னால் இதைக் கண்டவர்கள் உண்டு. டென்மார்க்கின் லேண்ட்ஸ்கேப் வடிவமைப்பாளர் கார்ல் தியோடர் சோரன்சன், ஒழுங்காகக் கட்டிய விளையாட்டிடங்களைவிடக் கட்டுமான வேலை நடக்கும் இடங்களில்தான் பிள்ளைகள் லயித்து விளையாடுகிறார்கள் என்று கவனித்தவர். அவருடைய யோசனையில், 1943இல், கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் பழைய பலகைகளும் கழித்த சாமான்களுமாக ஒரு விளையாட்டிடம் திறந்தது. ஆம்ஸ்டர்டாமில் கட்டடக்கலைஞர் ஆல்டோ வான் ஐக் 1947 முதல் 1978 வரை 700க்கும் மேற்பட்ட விளையாட்டிடங்களை வடிவமைத்தார். நகர மையத்தில் வேலை செய்கிற எவருக்கும் அவர்தான் முதல் ஆசிரியர் என்பேன். காலி மனை, தெருமுனை, நடைபாதை ஓரம் என்று கிடைத்த இடத்திலெல்லாம் ஒரு மணல்குழி, சில கம்பி வளைவுகள், தாண்டிக் குதிக்கக் கற்கள், உட்காரப் பெஞ்சு, மரம். அவ்வளவுதான் அவர் கையில் இருந்தது. ஆனால் எதை எங்கே வைப்பது என்பதில் அவ்வளவு அக்கறை. சிற்பி இசாமு நொகுச்சி 1933லேயே நியூயார்க்குக்காக ஒரு விளையாட்டு மலையை வடிவமைத்தார். நகர நிர்வாகம் அதை ஏற்கவில்லை. அவர் 1988இல் மறைந்தார். ஜப்பானின் சப்போரோ நகரில் அவர் திட்டமிட்ட மொயரெனுமா பூங்கா 2005இல் முழுமையாகத் திறந்தபோது அதில் ஒரு விளையாட்டு மலை எழுந்து நின்றது.

எனக்கும் ஒரு மேடு வேண்டியிருந்தது. மேட்டின் சரிவிலேயே சறுக்கைப் பதித்துவிட்டால், பிள்ளைக்கு உயரம் கிடைக்கும், விழும் உயரம் அநேகமாக இருக்காது. ஏணியின் உச்சியில் நின்று தள்ளிக்கொள்ளும் நெரிசலும் இல்லை, ஏறுவதற்கு நாலு பக்கமும் வழி. ஏறமுடியாத சின்னது தவழ்ந்து போகும், பெரியது ஓடிப்போய்த் தாவும். தனித்து நிற்கும் சறுக்குமரத்தில் இதற்கெல்லாம் வழியே இல்லை.

ஆனால் நகர மையத்து நிலம் பெரும்பாலும் நிலமே அல்ல. எங்கள் இடத்துக்கு அடியில் வாகன நிறுத்தம் இருந்தது. காலடியில் இருந்தது அதன் காங்கிரீட் கூரை. ஒரு கன மீட்டர் ஈரமண் கிட்டத்தட்ட 1.8 டன் எடை. 1.8 மீட்டர் உயரத்துக்கு மண்ணைக் கொட்டினால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 3 டன்னுக்கு மேல் அழுத்தும். கட்டமைப்புப் பொறியாளர் கணக்கைப் பார்த்ததுமே முடியாது என்றார். அப்போது கைகொடுத்தது ஜியோஃபோம், அதாவது நாம் தெர்மாகோல் என்கிற பொருளின் கெட்டியான பெருங்கட்டிகள். ஒரு கன மீட்டர் 20, 30 கிலோவுக்குள் அடங்கிவிடும். படிப்படியாக அடுக்கி, மேலே நீர் வடியும் விரிப்பும் பிரிப்புத் துணியும் போட்டு, அதன்மேல் 40 சென்டிமீட்டர் மண் பரப்பினோம். மரங்களுக்கு ஆழமான மண் வேண்டும். எடை தாங்குவது தூண்கள் என்பதால், கீழே தூண் எங்கே நிற்கிறதோ மேலே அங்கேதான் மரம். வரைபடத்தில் மரங்களை நான் வைத்த இடங்களையெல்லாம் தூண்கள் நகர்த்திவிட்டன. கட்டுகிறவர்களுக்கு ஒன்று: பெட்ரோல், டீசல் பட்டால் ஜியோஃபோம் கரைந்துபோகும், நெருப்பும் ஆகாது. அடுக்கி முடித்து மண் மூடும்வரை ஜெனரேட்டரும் வெல்டிங்கும் அந்தப் பக்கம் வரவே கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். மனை கைக்கு வந்ததும் கேட்கவேண்டிய முதல் தாள், அடியில் என்ன ஓடுகிறது என்று காட்டும் வரைபடம். கேபிள், குழாய், வடிகால் எதுவானாலும் தெரிந்த பிறகே பென்சிலை எடுக்கவேண்டும்.

பென்சிலுக்கு முன்னால் இன்னொரு வேலையும் உண்டு. இடத்தில் போய் உட்காருவது. காலையில், பள்ளி விடும் நேரத்தில், விளக்கு எரிந்த பிறகு என்று வெவ்வேறு வேளைகளில் உட்கார்ந்தோம். உயரமான கட்டடங்களின் நிழல் எப்போது எங்கே விழுகிறது, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே காற்று எங்கே பீறிட்டு வருகிறது, அலுவலகம் போகிறவர்கள் எந்தக் குறுக்கு வழியில் நடக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும். அந்தக் குறுக்கு வழியை நாங்கள் மறிக்கவில்லை. ஓரமாக வளைத்து விட்டோம். பெரியவர்கள் நடமாடும் இடம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான இடம்.

பிள்ளைகளிடம் கேட்டே தீரவேண்டும், ஆனால் கேட்கும் விதம் இருக்கிறது. "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டால் பார்த்ததைத்தான் சொல்வார்கள்: ஊஞ்சல், சறுக்குமரம், நீச்சல்குளம். களிமண்ணும் குச்சியும் கொடுத்து இடத்தைச் செய்யச் சொன்னோம். "ஒளிஞ்சுக்கணும்னா எங்க போவே?", "யாரும் கூப்பிடாம இருந்தா எங்க உட்காருவே?" என்று கேட்டோம். கைகள் வேறு மாதிரிப் பேசின. குகைகள் வந்தன, சுரங்கங்கள் வந்தன, ஒருவர் மட்டும் நுழையும் இடுக்குகள் வந்தன. பதின்ம வயதை எட்டிய ஒரு பெண் கடைசிவரை எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது என்னிடம் வந்து, "அக்கா, நாங்க நாலு பேரு ஒருத்தரை ஒருத்தர் பார்த்து உட்கார்ந்து பேசுற மாதிரி ஒண்ணு போடுவீங்களா? பெஞ்சுல எல்லாரும் ரோட்டைப் பார்த்துதான் உட்காரணும்" என்றாள்.

அவள் சொன்னதன் கனம் எனக்குத் தெரியும். வியன்னா நகரம் 1990களில் தன் பூங்காக்களைக் கவனித்தபோது, 9 வயதைத் தாண்டியதும் பெண்பிள்ளைகள் பூங்காவிலிருந்து மறையத் தொடங்குவது தெரியவந்தது. ஒரே பெரிய திறந்தவெளியைப் பந்து விளையாடும் பையன்கள் எடுத்துக்கொண்டால் மற்றவர்கள் ஒதுங்கிப்போகிறார்கள். அங்கே சில பூங்காக்களை மாற்றியமைத்து, வெளியைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, கூடி உட்கார இடம் கொடுத்த பிறகு பெண்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். எங்கள் இடத்தில் மேட்டின் பின்புறம் வட்டமாக, மரப்பலகை பதித்த தாழ்ந்த திண்டு ஒன்று கட்டினோம். நடுவில் வலை பின்னிய அகல ஊஞ்சல், மூன்று பேர் ஒன்றாகப் படுத்து ஆடலாம். பட்ஜெட்டைக் குறைக்கச் சொல்லி அழுத்தம் வந்தபோது நான் விட்டுக்கொடுக்க மறுத்தவற்றில் இது முதலாவது.

தாண்டிக் குதிக்கும் கற்கள் விஷயத்தில் ஒரு சின்னப் போராட்டம். ஒரே உயரம், ஒரே இடைவெளி என்று வரிசையாகப் போட்டால் கண்ணுக்கு ஒழுங்காக இருக்கும் என்பது ஒப்பந்தக்காரரின் கட்சி. நெதர்லாந்தில் ஆய்வாளர்கள் பிள்ளைகளிடமே கற்களைக் கொடுத்து இடைவெளி விட்டு வைக்கச் சொன்னபோது, அவர்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்ட இடைவெளிகளையே வைத்தார்கள். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். இடைவெளி ஒன்றுபோல இருந்தால் முதல் தாவலோடு கால் எல்லாவற்றையும் கற்றுக்கொள்கிறது, பிறகு கவனிக்க ஒன்றுமில்லை. எங்கள் கற்கள் கோணல்மாணலாகவே கிடக்கின்றன. சின்னவர்களுக்கு நெருக்கமான ஒரு தடம், பெரிய பிள்ளைகளுக்கு அகலமான ஒரு தடம், இரண்டும் நடுவில் பின்னிக்கொள்ளும்.

தனித்தன்மையோடு வடிவமைக்கிறோம் என்றால் பாதுகாப்பு முழுக்க நம் தலையில்தான். கடையில் வாங்கும் உபகரணம் சோதனை முடிந்து வரும். பட்டறையில் செய்வதற்கு அப்படி யாரும் சான்று தருவதில்லை. விளையாட்டு உபகரணங்களின் பாதுகாப்புக்கான ஐரோப்பாவின் ஈஎன் 1176 தரத்தை நாங்கள் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்தோம். எங்கே கட்டினாலும் அதில் உள்ள அளவுகள் கைகொடுக்கும். மிக முக்கியமானது இடைவெளி. உடல் நுழைந்து தலை நுழையாத சந்து எங்கும் இருக்கக்கூடாது. பிள்ளைகள் காலை முதலில் விட்டு நுழைவார்கள், இடுப்பு போகும், மார்பு போகும், தலை மாட்டிக்கொண்டு கழுத்தில் தொங்கிவிடுவார்கள். அதனால் சுற்றிலும் மூடிய இடைவெளி 89 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருக்கவேண்டும், இல்லையென்றால் 230 மில்லிமீட்டருக்கு அதிகமாக இருக்கவேண்டும். விரல் மாட்டும் இடுக்குக்கு இதேபோல 8 முதல் 25 மில்லிமீட்டர் வரையிலான அளவைத் தவிர்க்கவேண்டும்.

பட்டறைக்குப் போகும்போது மரத்தில் செய்த இரண்டு அளவுகோல்களை எடுத்துப் போவேன். ஒன்று 89க்கு 157 மில்லிமீட்டர் கட்டை, குழந்தையின் உடம்பு. இன்னொன்று 230 மில்லிமீட்டர் வட்டு, தலை. கட்டை நுழைந்தால் வட்டும் நுழைந்தாகவேண்டும். ஏறு சட்டம் ஒன்று பளபளவென்று தயாராகி நின்றது. பெரும்பாலான சந்துகளில் கட்டை நுழையவே இல்லை. குழாய் வளைந்து திரும்பும் மூலையில் மட்டும் சறுக்கென்று உள்ளே போயிற்று. வட்டை வைத்தேன், குழாயில் முட்டி நின்றது. பட்டறைக்காரர் என் கையிலிருந்து கட்டையை வாங்கி, தானே மறுபடி விட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "நம்ம பேரப்புள்ளையும் இப்படித்தாங்க காலை விட்டு நுழைவான்" என்று சொல்லி, சாக்பீஸால் அந்த மூலையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அடுத்த முறை போனபோது வெல்டிங் மேசைக்கு மேல் அதே அளவில் அவர் செய்துகொண்ட கட்டை ஒன்று கயிற்றில் தொங்கியது. வரைபடத்தில் எண்ணை எழுதி அனுப்பினால் இது நடக்காது. கையில் பிடித்துப் பார்க்கக் கட்டை வேண்டும்.

விழும் தரைக்கும் கணக்கு உண்டு. ஒவ்வொரு உயரத்திலிருந்தும் விழுந்தால் தலைக்கு எவ்வளவு அடி என்று, கருவி பொருத்திய போலித் தலையைப் போட்டு அளப்பார்கள். தலைக்காய அளவு 1000ஐத் தாண்டக்கூடாது. எந்த உபகரணத்திலும் விழும் உயரம் 3 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. ரப்பர் தரை போடுகிறவர் தொழிற்சாலைச் சான்றிதழைக் காட்டுவார். அதோடு விடாதீர்கள். ஊற்றிய ரப்பரின் கனமும் கலவையும் இடத்துக்கு இடம் மாறும், போட்ட பிறகு அதே இடத்தில் சோதிக்கவேண்டும். மணல் என்றால் கழுவிய, களிமண் கலக்காத மணல். உதைபட்டுச் சிதறுவதற்கென்று கூடுதலாக 10 சென்டிமீட்டர். ஊஞ்சலுக்கு அடியிலும் சறுக்கின் முடிவிலும்தான் மணல் முதலில் காணாமல் போகும்.

ரப்பரை நாங்கள் குறைவாகவே போட்டோம். மேட்டில் பதித்த சறுக்குக்கு அது பெரிதாகத் தேவைப்படாதது தரையில் தொடங்கியதன் பெரிய லாபம். இன்னொரு காரணம் வெயில். நண்பகலில் கறுத்த ரப்பரின்மேல் வெப்பமானியைப் பிடித்தால் 60 டிகிரியைத் தாண்டிக் காட்டும். அந்தச் சூட்டில் பிஞ்சுப் பாதம் வெந்துபோகச் சில நொடிகள் போதும். வெளிர் நிறம் ஓரளவு உதவும், மர நிழல் நிச்சயமாக உதவும். உலோகச் சறுக்கைப் பூமியின் வடபாதியில் வடக்கு நோக்கி வையுங்கள், தென்பாதியில் தெற்கு நோக்கி. நட்ட மரம் வளர வருடங்கள் ஆகும் என்பதால் அதுவரைக்கும் துணிப்பந்தல். பந்தலின் கம்பங்களுக்கு அஸ்திவாரம் ஆரம்பத்திலேயே வேண்டும், பிறகு தரையை உடைக்கமுடியாது.

பாதுகாப்பு பற்றி எழுதும்போது இதையும் சொல்லியாகவேண்டும். திட்டத்தைப் பற்றிப் பேசிய கூட்டத்தில் ஒருவர், "எதுக்கு இவ்வளவு உயரம், எதுக்குக் கல், யாராவது விழுந்தா?" என்று கேட்டார். பிள்ளைமேல் உள்ள அக்கறையில் வந்த கேள்வி, மதிக்கவேண்டிய கேள்வி. குழந்தை பார்த்து, எடைபோட்டு, ஏறலாமா வேண்டாமா என்று தானே முடிவெடுக்கும் ஆபத்து ஒரு வகை. கண்ணுக்குத் தெரியாமல் காத்திருக்கும் ஆபத்து வேறு வகை: தலை மாட்டும் சந்து, துருப்பிடித்த போல்ட், கொதிக்கும் தரை. இரண்டாவதை முற்றாக ஒழிக்கவேண்டும். முதலாவதை ஒழித்துவிட்டால் விளையாட்டே போய்விடும். நார்வேயின் ஆய்வாளர் எல்லன் சாண்ட்செட்டர், பிள்ளைகள் தேடிப்போகும் ஆபத்துகளை வகைப்படுத்தியிருக்கிறார்: உயரம், வேகம், ஆபத்தான கருவிகள், தண்ணீர், நெருப்பு போன்றவை, கட்டிப்புரளல், யாருக்கும் தெரியாமல் தொலைந்துபோதல். நகர மையத்துப் பிள்ளைக்கு இவற்றில் எது கிடைக்கிறது? வீட்டிலும் இல்லை, தெருவிலும் இல்லை. விளையாட்டிடத்திலும் மறுத்துவிட்டால் அந்தப் பிள்ளை தன் உடம்பை எங்கே போய்த் தெரிந்துகொள்ளும்? இதைத்தான் கூட்டத்தில் சொன்னேன். விழும் உயரம், தரைச் சோதனை எல்லாவற்றையும் தாளில் காட்டிய பிறகு கற்கள் பிழைத்தன.

சக்கர நாற்காலியில் வரும் குழந்தையும் மேட்டின் உச்சிக்குப் போகவேண்டும் என்பது முதலிலேயே எடுத்த முடிவு. 1.8 மீட்டர் உயரத்துக்கு 12க்கு 1 என்ற சரிவில் பாதை மட்டும் 21.6 மீட்டர், இடையிடையே நின்று இளைப்பாறத் தட்டை இடங்கள் தனி. நேர்ச்சரிவாக வைக்க இடமில்லை, மேட்டைச் சுற்றிச் சுருட்டிவிட்டோம். அதுவே பிள்ளைகளின் ஓட்டப்பாதையாகவும் ஆகிவிட்டது. உச்சியில் நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம். மணலை முழங்கால் நுழையும் உயரத்தில் ஒரு மேசைத் தொட்டியிலும் கொட்டினோம். இரைச்சல் தாங்காத குழந்தைகளுக்கு, செடிகள் சூழ்ந்து வெளியே பார்க்க மட்டும் திறப்புள்ள ஒரு மூலை. செடி தேர்வு செய்யும்போது அரளி போன்ற நச்சுச் செடிகளைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுங்கள்.

கூட வருகிறவர் உட்கார வசதி இல்லை என்றால் பத்து நிமிடத்தில் "வா போகலாம்" என்ற குரல் வந்துவிடும். சாய்மானமும் கைப்பிடியும் உள்ள இருக்கைகள், நிழலில், எல்லா மூலையும் தெரியும்படி. தாத்தா பாட்டிகள் கைப்பிடியை ஊன்றித்தான் எழுந்திருக்கமுடியும். பக்கத்தில் கழிப்பறை, குடிதண்ணீர். ஊஞ்சல்களை ஓரத்துக்குத் தள்ளிவிடவேண்டும், ஓடுகிற பிள்ளை குறுக்கே போகாதபடி. வாசலை மேட்டின் சறுக்குக்கு நேராக வைக்காதீர்கள். சறுக்கிய வேகத்தில் வெளியே ஓடும் பிள்ளையைச் சாலை எதிர்கொள்ளும். எங்கள் வாசல் பக்கவாட்டில் திரும்பி, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவோடு இருக்கிறது.

பராமரிப்புப் பணத்தைக் கட்டுமானப் பணத்தோடு சேர்த்தே கேட்டு வாங்குங்கள். பார்வைச் சோதனை அடிக்கடி, ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையால் ஆட்டிப் பார்க்கும் சோதனை, வருடத்துக்கு ஒருமுறை முழுச் சோதனை என்பது ஈஎன் 1176 சொல்லும் முறை. நாமே வடிவமைத்த உபகரணத்துக்கு உதிரிப்பாகம் கடையில் கிடைக்காது. அதனால் வடிவம் எவ்வளவு புதிதாக இருந்தாலும் போல்ட், பேரிங், சங்கிலி, கொக்கி எல்லாம் எங்கும் கிடைக்கும் பொது அளவில் இருக்கட்டும். ஒவ்வொரு பாகத்தின் வரைபடத்தையும் எண்ணிட்டு, பராமரிக்கப் போகிறவர் கையிலேயே ஒப்படைத்தோம்.

மொத்தப் பணத்தில் ஒரு சிறு பங்கைத் திறப்பு விழாவுக்குப் பிறகு செலவழிக்க ஒதுக்கி வைத்திருந்தோம். இப்படிச் செய்ய எல்லோரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள், வற்புறுத்துங்கள். திறந்த சில வாரங்களில் மேட்டின் கிழக்குச் சரிவில் புல் தேய்ந்து மண் தெரிந்தது. சுற்றுப்பாதையில் வராமல் பிள்ளைகள் நேராக ஏறிய தடம் அது. வேலி போடலாம் என்று யோசனை வந்தது. ஒதுக்கி வைத்த பணத்தில் அந்தத் தடத்திலேயே உருட்டு மரத்துண்டுகளைப் படியாகப் பதித்து, பிடித்து ஏற ஒரு தடித்த கயிற்றையும் கட்டிவிட்டோம்.